மவுஸ் நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

நம் வயதுக்காரர்கள் வீட்டில் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் இருப்பதில்லை, மவுஸில்தான் இருக்கின்றன. அதிலும் வயர் இல்லாத மவுஸ். திரையில் அம்புக்குறி அசையாமல் நிற்கும். நாம் மவுஸைத் தூக்கித் தட்டுவோம், அடியில் ஊதிப் பார்ப்போம், பிறகு பேரனுக்குப் போன் செய்வோம். அவன் "ஞாயிற்றுக்கிழமை வர்றேன் தாத்தா, அதுவரைக்கும் தொடாதீங்க" என்பான். அந்தத் "தொடாதீங்க" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

தொட வேண்டும் நண்பர்களே. தொட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் மவுஸுக்கு 'சூரி' என்று பெயர், எலி என்றே அர்த்தம். பெண்பால். வயர் இல்லாதது என்பதற்கு 'சான் ஃபில்', நூல் இல்லாதது. எங்கள் தாத்தா காலத்தில் ரேடியோவையே 'தே எஸ் எஃப்' என்பார்கள், அதன் கடைசி இரண்டு எழுத்தும் இதே 'சான் ஃபில்'தான். ஆகவே இந்த மவுஸ் எனக்கு ஒரு புதுமையாகவே படவில்லை. உள்ளே இருப்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம், கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் சுண்டு விரல் நகமளவு ரிசீவர் ஒரு குட்டி ரேடியோப் பெட்டி. நம் தலைமுறைக்கு ரேடியோவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி இறங்கினால் குரல் கம்மும், இரும்புக்குப் பின்னால் வைத்தால் இரையும், பக்கத்தில் வேறு நிலையம் இருந்தால் இரண்டும் கலக்கும். வயர் இல்லாத மவுஸின் கோளாறுகள் அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தமிழில் இதற்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேட்டை செய்யும் பிள்ளைக்கும் அதே பெயர். தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான மவுஸ்களுக்கு ஒரு பென்சில் செல் போதும், டபுள் ஏ என்பார்கள். செல் முழுவதும் சாகும்வரை மவுஸ் ஓடி, பிறகு பட்டென்று நிற்பதில்லை. முதலில் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும். ஒரு தடவை அழுத்தினால் ஏற்காது, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கும். ரிசீவருக்கு அருகில் கொண்டுபோனால் நன்றாக வேலைசெய்யும், தள்ளி வைத்தால் நின்றுவிடும். இந்த நிலைமையில் பலர் செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். கடிகாரம் ஓடுகிறது, ஆகவே செல் நல்ல செல், ஆகவே மவுஸ் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு. இது தவறான தீர்ப்பு. கடிகாரம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும் பிராணி. மவுஸுக்கு ஆகாத செல் அதில் இன்னும் பல மாதம் ஓடும். கடையில் புதிய அல்கலைன் செல் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

புதுச்சேரிவாசிகளுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. நமக்குக் கடற்காற்று. செல் உட்காரும் இடத்தில் உள்ள தகடும் ஸ்பிரிங்கும் பச்சை பூத்துவிடும், பழைய செல் கசிந்திருந்தால் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். புதிய செல் போட்டும் உயிர் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். செல்லை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். பச்சைக்குப் பள்ளிக்கூட ரப்பரே போதும். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால் செல்லைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. இங்கிருந்து பாரீசுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் நம் தெருக்களில் நிறையப்பேர்.

மவுஸின் அடியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். துடைக்கும்போது அது ஆஃப் ஆகிவிடுவதுண்டு. இன்னொன்று, அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதற்காக மவுஸ் இறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சில மவுஸ்களில் உள்ள ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத வகை.

அடுத்தது இரும்பு. இங்கேதான் டெஸ்க்டாப்புக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுக்கும் பையன்கள் ரிசீவரைச் சி.பி.யூ.வின் பின்பக்கம் சொருகிவிட்டுப் போகிறார்கள். முன்பக்கம் காலியாக, அழகாக இருக்க வேண்டுமாம். அந்தச் சி.பி.யூ. ஒரு தகரப் பெட்டி. அதை மேசைக்குக் கீழே, சுவரோரம், ஸ்டீல் பீரோவுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருப்பார்கள். பிரெஞ்சில் பீரோ என்றால் எழுதும் மேசை, அலுவலகம் என்றும் பொருள். நம்மிடம் வந்து அது புடவை வைக்கும் இரும்பு அலமாரியாகிவிட்டது. பெயர் எதுவானாலும், மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவே அது நின்றால் சிக்னல் திணறும். ரிசீவரை முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்கம் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று கேட்டு வாங்கி, ரிசீவரை மேசைமேல் மவுஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

மூன்றாவது இரைச்சல். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வீட்டு வை-ஃபை பெட்டியும் அதே பக்கத்தில்தான் பேசுகிறது, ப்ளூடூத்தும் அங்கேதான், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். இவற்றைவிட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சி.பி.யூ.வில் உட்புறம் நீல நிறமாக உள்ள யூ.எஸ்.பி. துளைகள் 3.0 வகை, வேகமானவை. அவற்றில் பென் டிரைவோ வெளி ஹார்டு டிஸ்கோ வேலைசெய்யும்போது எழும் மின் இரைச்சல் இந்த 2.4 அலைவரிசையைக் கெடுக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே மவுஸ் ரிசீவரை நீலத் துளையில் போடாதீர்கள், கறுப்பு அல்லது வெள்ளைத் துளையில் போடுங்கள். அதற்கு வேகமே தேவையில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நம் ஊர் பாஷையில் 'சொல்தா'. இப்போது தனியாக இருக்கிறார். மகன் குடும்பம் லியோனில். அக்காவுக்குப் பார்வை மங்கல், போனில் பேத்தி முகம் தெரியாது. பெரிய மானிட்டரில்தான் தெரியும். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அந்த நேரத்துக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் மவுஸ் நின்றது. ஒரு கடையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, மதர்போர்டு போயிருக்கும், பெட்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பன்னிரண்டு நாள் அக்கா பேத்தியைப் பார்க்கவில்லை. "தம்பி, புள்ளைங்ககிட்ட இதுக்குப்போயி பணம் கேக்கணுமான்னு இருந்துட்டேன்" என்றார். ரிசீவர் பின்பக்கம், நீலத் துளையில், வெளி ஹார்டு டிஸ்கை ஒட்டி இருந்தது. முன்பக்கம் மாற்றிச் சொருகினோம். புது செல் ஒன்று. அவ்வளவுதான் வைத்தியம்.

மதர்போர்டைப் பற்றிப் பேசியவர் கெட்ட எண்ணத்தில் பேசினார் என்று நான் சொல்லவில்லை. அவர் கடினமானதிலிருந்து தொடங்கினார். தெக்கார்த் 1637இல் எழுதிய நூலில் நான்கு விதிகள் வைத்தார், அதில் ஒன்று எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதற்குப் போவது. இதைப் பள்ளியில் தத்துவ வகுப்பில் படித்தேன். உண்மையில் கற்றுக்கொண்டது அலுவலகத்தில். ஒரு ஃபைல் காணவில்லை என்றால் புதிதாக வந்தவர் நேரே தலைமைச் செயலகத்துக்குப் போன் போடுவார். பழைய குமாஸ்தா முதலில் தன் மேசை இழுப்பறையைப் பார்ப்பார், பிறகு அடுத்த மேசை, பிறகு டெஸ்பாட்ச் ரெஜிஸ்டர், பிறகு தபால் கொண்டுபோன ஆள். பெரும்பாலும் இரண்டாவது மேசையிலேயே கிடைத்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்த நமக்கா ஒரு மவுஸின் கோளாறைத் தேடத் தெரியாது?

அதே முறைதான். ரிசீவரைக் கழற்றி வேறு துளையில் போடு. அப்போதும் வரவில்லையென்றால் மவுஸையும் ரிசீவரையும் சேர்த்துப் பக்கத்து வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார். அங்கே ஓடினால் மவுஸ் மேல் குற்றமில்லை. கீபோர்டும் மவுஸும் ஒரே ரிசீவரில் வந்த ஜோடி என்றால் இன்னும் சுலபம்: கீபோர்டு வேலைசெய்கிறது, மவுஸ் மட்டும் இல்லை என்றால் ரிசீவர் நிரபராதி. கம்ப்யூட்டர் தூங்கி எழுந்த பிறகு மட்டும் மவுஸ் வருவதில்லை, ரிசீவரைப் பிடுங்கிச் சொருகினால் வருகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப் என்பதில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அது துளையை அணைத்துவிடுகிறது. ப்ளூடூத் மவுஸ் என்றால் ரிசீவரே கிடையாது, செட்டிங்சில் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.

அம்புக்குறி துள்ளுகிறது, தாவுகிறது என்றால் அது இணைப்புக் கோளாறே அல்ல. நம் வீட்டு மேசைகளில் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் பழைய டெலிபோன் நம்பர்களும் வைத்திருப்போமே, அந்தக் கண்ணாடிதான். பல மவுஸ்களுக்குக் கண்ணாடி ஆகாது. பழைய காலண்டர் அட்டை ஒன்றை அடியில் போடுங்கள்.

மவுஸ் இல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் பொய். மவுஸ் பிரபலமாவதற்கு முன்பே கீபோர்டில் எல்லாம் நடந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் மரப்பெட்டிக்குள் சக்கரம் வைத்த தன் மவுஸை சான் பிரான்சிஸ்கோவில் எல்லோருக்கும் காட்டியதே 1968 டிசம்பரில்தான், அது வீடுகளுக்கு வர இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. விண்டோஸில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கேள்வி கேட்கும், எண்டர் தட்டுங்கள். இப்போது கீபோர்டின் வலப்பக்க எண்களே மவுஸ்: 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், நடுவில் உள்ள 5 அழுத்துவதற்கு. நகரவில்லையென்றால் நம் லாக்கை இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். ஆமை வேகம்தான், ஆனாலும் ஊர் போய்ச் சேரலாம். கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டுமென்றால் விண்டோஸ் சாவியோடு டி, பிறகு ஆல்ட்டோடு எஃப் 4, எண்டர். பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, மொபைல் போதாதா?" என்று கேட்பவர்கள் நம் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள். நாற்பது வயதுக் கண்ணும் விரலும் இருந்தால் போதும்தான். பென்ஷன் சிலிப்பை விரித்து வரிவரியாகப் படிக்கவும், வங்கிப் பக்கத்தில் எண்ணைத் தப்பில்லாமல் அடிக்கவும், பேத்தி முகத்தைப் பார்க்கவும் நமக்குப் பெரிய திரை வேண்டும். பிள்ளைகள் வந்து உதவுவதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரை நிமிடத்தில் எதையோ செய்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று எழுந்து போகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. என்ன செய்தாய் என்று கேளுங்கள். மறுபடி கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கம்பெனிக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. மேசை முன் இரண்டடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முப்பதடி தூரம் எட்டும் மவுஸ் எதற்கு? கை நடுங்குகிறவர்களுக்கு வயர் இழுபடுவது தொந்தரவு, அவர்களுக்கு இது வரம், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியில் வரும் காகிதம் பத்துப் பதினைந்து மொழிகளில் எறும்பு எழுத்தில் இருக்கிறது, அதில் தமிழ் இல்லை. எனக்குப் பிரெஞ்சுப் பத்தி கைகொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்?

நான் செய்திருப்பது இது. வயர் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று, முந்நூறு ரூபாய்க்குள், மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்கு பேட்டரி வேண்டாம், அலைவரிசை வேண்டாம், சொருகினால் வேலைசெய்யும். அக்கா வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்தாயிற்று. உறையைப் பிரிக்க விடமாட்டேன் என்கிறார், அவசரத்துக்கு இருக்கட்டுமாம்.