கோட்டைச் சுவர் நம்ம நோட்டு இல்லை



போன மாதம் சுற்றுலாவில் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மலைகள் தெரிய ஆரம்பித்தன. பெரிய பெரிய பாறைகளை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டின மாதிரி இருந்தது. முந்திரிக் காட்டையே பார்த்து வளர்ந்த நமக்கு அது அதிசயம்தான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்து மதில் கட்டியிருக்கிறார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கோன் வம்சத்தார் தொடங்கிய கோட்டை. நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார். அப்புறம் மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டுத்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான்.

இவ்வளவு பெருமை உள்ள இடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாண மகால் சுவரில் ஏகப்பட்ட பேர் கிறுக்கியிருந்தது. இதயம், அம்பு, போன் நம்பர் வேற. அதில் நம்ம ஊர்ப் பேரும் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வெட்கம் வரலை, சந்தோஷம்தான் வந்தது. நானும் ஒரு கல்லை எடுத்து என் பேரின் முதல் எழுத்தைக் கீறினேன். சுண்ணாம்பு மாவு மாதிரி உதிர்ந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏம்மா, உங்க வீட்டுச் சுவத்துலயும் இப்படித்தான் கீறுவியா?" என்று கேட்டார். கல்லைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் அந்த எழுத்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ராஜாக்கள் மட்டும் கல்லுல எழுதலையா?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். சீனாவில் தாய்ஷான் என்று ஒரு மலை இருக்கிறது. 1987-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. அங்கே மலை ஏறும் வழியெல்லாம் பாறையில் எழுத்துகள். அதுதான் அந்த மலைக்கே பெருமை. அவ்வளவு தூரம் போவானேன்? செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சமண முனிவர் சந்திரநந்தியைப் பற்றி மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் வெறும் பாறையில், பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தியை எழுதினார்கள். நாம் இன்னொருத்தர் பாடுபட்டுக் கட்டிய சுவரைக் கெடுத்து, யாருக்கும் தேவையில்லாததை எழுதுகிறோம். இரண்டும் ஒன்றா?

பழைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் தண்டனைக்குப் பயந்து நாம் திருந்தக் கூடாது. 2011-இல் தானே புயலில் நம்ம பக்கம் எத்தனை பலா, எத்தனை முந்திரி விழுந்தது என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாகக் கன்று வைத்தார்கள், வளர்ந்தது. ஐந்நூறு வருடத்துச் சுவர் போனால் எந்தக் கன்றை வைப்பது?

எனக்கு ஒரு யோசனை. அடுத்த சுற்றுலாவுக்கு ஒரு பெரிய நோட்டு கொண்டு போவோம். எல்லோரும் அதில் பேரையும், பார்த்ததில் பிடித்த ஒன்றையும் எழுதுவோம். அதை இந்தச் சுவரிதழ் பக்கத்திலேயே தொங்கவிடலாம். கிளம்பும் முன் ஒரு பீரியட் அந்த ஊர் வரலாற்றைச் சொல்லித் தரும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் நான் கல்லை எடுத்திருக்க மாட்டேன்.

நோட்டில் முதல் பேர் என்னுடையதாக இருக்கட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி