ஓட்டமும் விளம்பரமும்

42 கிலோமீட்டர் 195 மீட்டர் தொலைவை ஓடிக் கடப்பது எளிய செயல் அன்று. மாரத்தான் எனப்படும் அந்நெடிய ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்புவோர், பல திங்களுக்கு முன்பிருந்தே வைகறையில் எழுந்து பயிற்சி செய்கின்றனர். உண்ணும் உணவையும் உறங்கும் நேரத்தையும் வரையறுத்துக்கொள்கின்றனர். இக்கால ஒலிம்பிக் விழா முதன்முதலாக 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்றபோது, இவ்வோட்டத்தில் வெற்றி பெற்றவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்னும் எளிய கிரேக்கர். தண்ணீர் சுமந்து பிழைத்த அவரை ஒரே நாளில் நாடு முழுவதும் போற்றியது. அவர் புகழை நாடி ஓடவில்லை. ஓட்டம் முடிந்தபின் புகழ் அவரை வந்து அடைந்தது.

இன்று பாஸ்டன், லண்டன், பெர்லின், சிகாகோ, நியூயார்க், டோக்கியோ முதலிய பெருநகரங்களில் ஆண்டுதோறும் மாரத்தான் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. நியூயார்க் நகரில் 1970ஆம் ஆண்டு நடந்த முதல் ஓட்டத்தில் புறப்பட்டவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். அதே நகரில் 2024ஆம் ஆண்டு ஓடி முடித்தவர் தொகையோ 55,000க்கும் மேல். இத்துணைப் பெரிய கூட்டம் ஒரே சாலையில் ஓடும்போது, ஒருவர் வைக்கும் அடி மற்றொருவரைப் பாதிக்காமல் இராது.

இக்கூட்டத்தில் புதிய வகையினர் சிலரும் இந்நாளில் சேர்ந்துள்ளனர். சமூக ஊடகங்களில் பல்லாயிரவர் பின்தொடரப் பெற்ற செல்வாக்காளர்களே அவர்கள். தாம் ஓடுவதைத் தாமே படம் பிடித்து உலகுக்குக் காட்டுகின்றனர். இவர்களால் விளையும் நன்மையை மறைத்தல் ஆகாது. காலையில் கட்டிலை விட்டு எழச் சோம்பிய இளைஞர் பலர், இவர்தம் காணொளிகளைக் கண்டு ஊக்கம் பெற்று ஓடத் தொடங்கியுள்ளனர். ஆயினும், காட்சியின்மேல் வைத்த கண்ணால் அருகில் ஓடுவோரைக் காணத் தவறும்போது அந்நன்மை தீமையாகத் திரிகின்றது.

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நியூயார்க் ஓட்டத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பெயர் பெற்ற செல்வாக்காளர் ஒருவர் ஓட, அவரைச் சார்ந்த இருவர் மின்சார மிதிவண்டிகளில் உடன் சென்று படம் பிடித்தனர். பந்தயப் பாதையில் நுழைந்த அவ்வண்டிகள் உடன் ஓடியவர்களுக்கு இடையூறாயின. முறையீடு எழுந்தது. ஓட்டத்தை நடத்தியோர் அவரைப் பந்தயத்திலிருந்து நீக்கினர். தாங்கள் நடத்தும் போட்டிகளில் இனி அவர் கலந்துகொள்ளவும் தடை விதித்தனர். அவரும் தம் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தண்டனை கடுமையானது என்று சிலர் கருதலாம். அது தகுந்ததே என்பது என் கருத்து.

ஏன் எனின், இடையூறு சிறிதாயினும் இழப்புச் சிறிதன்று. மூன்று மணி நேரத்தில் ஓடி முடிக்க விரும்பும் ஒருவர், ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஏறத்தாழ 4 நிமிடம் 16 நொடியில் கடத்தல் வேண்டும். பாஸ்டன் ஓட்டத்திற்கோ, வயதுக்கேற்ப வரையறுத்த நேரத்திற்குள் வேறோர் ஓட்டத்தை முடித்தவர்க்கே பெரும்பாலும் இடம் கிடைக்கின்றது. சில நொடிகள் தவறினால் ஓராண்டு உழைப்பும் வீணாகலாம். மேலும், முப்பது கிலோமீட்டரைக் கடந்தவரின் கால்கள் தளர்ந்திருக்கும்; முன்னே ஒருவர் திடீரென நின்றால் விலகவும் இயலாது. தேர்வடம் பிடித்தவன் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தால், பின்வருவோர் கதி என்னாகும்?

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் நாட்டு வாண்டர்லே டி லிமா முதல்வராக ஓடிக்கொண்டிருந்தார். உலகின் பார்வை தன்மேல் விழ வேண்டுமென்று விரும்பிய ஒருவன் பாதையில் பாய்ந்து அவரைத் தள்ளினான். டி லிமா மனம் தளராது தொடர்ந்து ஓடி மூன்றாம் இடம் பெற்றார். தள்ளியவனின் செயலும் படம் பிடிப்போரின் செயலும் ஒன்றல்ல. முன்னது வேண்டுமென்றே செய்தது, பின்னது எண்ணாமல் செய்வது. எனினும், ஒருவரின் விளம்பர வேட்கைக்கு மற்றொருவரின் உழைப்பு இரையாதல் இரண்டிற்கும் பொது.

படமே எடுத்தல் ஆகாதோ என்று நீங்கள் வினவலாம். தாராளமாக எடுக்கலாம். நிற்குமுன் பின்னே நோக்குக, ஓரத்திற்கு ஒதுங்குக, வண்டிகளைப் பாதையில் நுழையவிடற்க. இவ்வளவே வேண்டுவது.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் தான்சானிய நாட்டு ஜான் ஸ்டீபன் அக்வாரி ஓடும்போது விழுந்து முழங்காலில் காயமுற்றார். கட்டுப் போட்ட காலுடன் நொண்டியபடியே ஓடினார். வென்றவர் வந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிந்து, பார்வையாளர் பெரும்பாலோர் வீடு திரும்பிய பின்னர், இறுதியாக வந்து எல்லைக் கோட்டைக் கடந்தார். அவர் வருவதை அறிந்து படம் பிடிப்போர் விரைந்து சென்றனர். அப்படத்தை இன்றும் உலகம் காண்கின்றது. அவர் படத்திற்காக ஓடவில்லை. படம் அவரைத் தேடி வந்தது.

நாளை நீங்களும் ஏதேனும் ஓர் ஓட்டத்தில் கலந்துகொள்ளக்கூடும். கையில் படக்கருவியும் இருக்கக்கூடும். அப்பொழுது, பின்னே வருபவரும் உங்களைப் போலவே பல நாள் பாடுபட்டு வந்தவர் என்பதை மறவாதீர். பந்தயப் பாதை எல்லார்க்கும் உரியது.