பானை தட்ட தனி மேடை எதுக்குங்கறாங்க

"இசைக்கு ஏதுங்க ஆண், பெண்? இதுல பெண்களுக்குன்னு தனிக் குழு எதுக்கு? இங்கயும் இட ஒதுக்கீடா?" பெங்களூர்ல என்னோட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் கேட்டது. கேட்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா கச்சேரி மேடை எப்படி அமையுதுன்னு தெரிஞ்சா இப்படிக் கேட்க மாட்டார்.

நான் விருத்தாசலம் பக்கத்துல நல்லூர்க்காரன். எங்க பக்கம் மண்ணுன்னா பீங்கான், ஃப்யூஸ் கட்டை, பொம்மை. மண்ணுல வாத்தியம்னா அதுக்கு மானாமதுரை போகணும். அந்த மானாமதுரைக் கடத்தை ஒரு பொண்ணு வாசிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு சுகன்யா ராம்கோபால் கதையே போதும்.

மயிலாடுதுறையில பிறந்தவர். சென்னையில ஹரிஹர சர்மாவோட பள்ளியில முதல்ல மிருதங்கம், அப்புறம் அவர் மகன் விக்கு விநாயக்ராம்கிட்ட கடம். பொண்ணோட கைக்கு இந்தப் பானை கஷ்டம்னு குருவே முதல்ல தயங்கினாராம். பெரியவர் ஹரிஹர சர்மா பக்கபலமா நின்னார். கை பழகிடுச்சு. அதுக்கப்புறம்தான் நிஜமான தொல்லையே. பொம்பளை கடம் வாசிக்கிற மேடையில நான் உட்கார மாட்டேன்னு மிருதங்கக்காரர்கள் மறுத்தாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் இல்லாம கடத்துக்கு இடமே கிடையாது. தனி ஆவர்த்தனத்துல மிருதங்கக்காரர் விட்டுக் கொடுத்தாத்தான் கடத்துக்கு நாலு ஆவர்த்தனம். அவர் முகம் சுளிச்சாப் போதும், சபாக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவார். யாரும் தடைன்னு எழுதி ஒட்ட வேண்டாம். ஒரு போன் வராம இருந்தாப் போதும், முடிஞ்சுது.

அவர் என்ன செஞ்சார்? வேற வேற சுருதியில ஆறேழு கடத்தை வரிசையா வச்சு, அதுல ராகமே வாசிக்கிற 'கட தரங்'. அப்புறம் 1995-ல முழுக்கப் பெண்களே இருக்கிற 'ஸ்த்ரீ தாள் தரங்'. பக்கவாட்டுல உட்கார வேண்டிய கடம் அங்க நடுவுல. பின்னால சங்கீத நாடக அகாதமி விருதும் வந்துச்சு. இதைப் போய் இட ஒதுக்கீடுங்கறதா? நம்ம தொழில் பாஷையில சொன்னா, நம்ம திருத்தத்தை மூலத்துல சேர்க்க மாட்டேங்கறாங்க, அதனால தனிக் கிளை பிரிச்சு ஓட்டிக் காட்டறது :-)

இது புதுசும் இல்லை. திருவையாறுல தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினது தேவதாசி மரபுல வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், சொந்தக் காசுல. ஆராதனை நடத்தின ஆண்களோட இரண்டு கட்சியும் பெண்களைப் பாட விடலை. 1927-ல அந்தம்மா பெண்கள் கட்சின்னு மூணாவது ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1940 வாக்குல எல்லாம் ஒண்ணாச்சு. தனிக் கட்சி இல்லாம இருந்திருந்தா யாரு வந்து இவங்களோட சமரசம் பேசியிருப்பா, சொல்லுங்க?

பாட்டுல நிலைமை எப்பவோ மாறிடுச்சு. எம்.எஸ். 1968-ல, பட்டம்மாள் 1970-ல சங்கீத கலாநிதி. பாலக்காடு மணி ஐயரே ரொம்ப வருஷம் பெண்களுக்கு வாசிக்காம இருந்து, அப்புறம் பட்டம்மாளுக்கு வாசிச்சார். தோல், பானைன்னு வந்தாத்தான் இன்னும் இழுபறி. இத்தனைக்கும் தட்சிணாமூர்த்தி பிள்ளையோட சிஷ்யை திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டோட முற்பாதியிலயே மிருதங்கம் வாசிச்சவங்க. (மானாமதுரையில கடம் செஞ்சு அகாதமி விருது வாங்கினவங்க மீனாட்சி கேசவன், அவங்களும் பெண்தான். செய்யலாம், வாசிக்கக் கூடாதா என்ன?)

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெண்கள் குழு ஒண்ணு அமைஞ்சதும் மகளிர் தினத்துக்கு மட்டும் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிடறாங்க. மார்கழியில வழக்கமான கச்சேரிக்கு அதே ஆளு ஞாபகத்துக்கு வர்றதில்லை. அதுக்காகத் தனி மேடையே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பாடறவங்கதான் வாய் திறக்கணும். சபாவுல தேதி கேட்கும்போதே "கடத்துக்கு இவங்களைப் போடுங்க"ன்னு ஒரு பிரபல பாடகர் சொன்னா எந்தச் செயலாளர் மறுப்பார்?

டிஸ்கி: எங்க பழமலைநாதர் கோயில் மாசி மகக் கச்சேரிக்கு ஏற்பாடு பண்ற அண்ணன்கள் யாராவது இதைப் படிச்சா, அடுத்த வருஷம் கடத்துக்கு ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்க. ஆம்பளை மிருதங்கத்தோட, சாதாரணக் கச்சேரியா.