கோடைக் கணக்கு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் பக்கத்துக் கிராமங்களில் மூன்று பேச்சுகள் ஒன்றாகக் கிளம்பிவிடும். வீட்டைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைக்குக் காது குத்திவிட வேண்டும் என்பது மற்றொன்று. லீவு விட்டதும் எங்காவது போய்வர வேண்டும் என்பது மூன்றாவது. கட்டட வேலை, கொண்டாட்டம், பயணம் ஆகிய மூன்றும் இளங்குடும்பத்தின் தலையில் இரண்டே மாதத்தில் வந்து இறங்குகின்றன. சித்திரையில் தொடங்கி ஆனியில் முடியும் அந்தச் சில வாரங்களே அக்குடும்பத்தின் மீதிப் பத்து மாதங்களைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

மூன்றும் ஒரே வேளையில் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நவரை அறுவடை முடிந்து கையில் நாலு காசு இருக்கும் காலம் அது. மழை இல்லை, சுவர் எழுப்பலாம், தளம் போடலாம். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஆடி பிறந்துவிட்டால் சுபகாரியம் கிடையாது. எனவே அதற்குள் முடித்தாக வேண்டும். ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் விடுப்போ சில நாள்கள்தாம். அந்தச் சில நாள்களுக்குள் ஓர் ஆண்டின் ஆசைகளையெல்லாம் அடைக்கப் பார்க்கிறோம். மூட்டை வெடிக்காமல் என்ன செய்யும்?

*ஊர் சொல்லும் பாடம்*

நாம் சாதாரண ஊர்க்காரர்கள் அல்லர். நம் திருப்புலிவனத்தில் புலிக்கால் முனிவர் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் வியாக்கிரபுரீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு நிற்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகள், ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள் என்றெல்லாம் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் அக்கல்வெட்டில் நம் வீட்டுக்கு ஆகும் செய்தி இரண்டு உண்டு.

வாரியத்துக்கு நிற்பவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமன்றி, அவருடைய உறவினர்க்கும் குடத்தில் ஓலை இல்லை என்பது மற்றொன்று. அது பிராமணர் சபை. நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட பழக்கம் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது என்பது பெருமைக்குரியது. ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஊரில், வீட்டுப் பணத்துக்குக் கணக்கு உண்டா? கோடை முடிந்ததும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எதற்குப் போனது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பார்க்கும் வீடுகள் எத்தனை?

*ஒரு வீட்டின் கதை*

என் அக்காள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவள் இசைவோடுதான் எழுதுகிறேன். மணமாகி ஆறு ஆண்டு, இரண்டு பிள்ளைகள். மாமா ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் தந்தை காலத்தில் அரசு உதவியோடு எழுந்த சிறிய தளவீடு. மொட்டைமாடியில் ஒரு வெடிப்பு. சமையல் மூலையில் ஈரம். போன ஆண்டு சித்திரையில் அதை அடைத்து, மேலே தட்டோடு பதித்துவிடுவது என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தார்கள்.

அதற்குள் சின்னவனுக்குக் காதணி விழா என்று பேச்சு எழுந்தது. கோயிலில் வைத்து முடிப்பதாக இருந்தது, பத்திரிகை அடித்ததும் மண்டபத்துக்கு மாறியது. மண்டபம் என்றதும் பந்தி பெருகியது. பந்தி பெருகியதும் வீடியோ, பேனர், பாட்டுக் கச்சேரி எல்லாம் தாமாக வந்து சேர்ந்தன. மாடிக்கு வைத்த பணம் போதாமல், மூன்று வட்டிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கைமாற்று. “மொய் வந்தா கட்டிடலாம்” என்றார் மாமா. “மாடி என்ன ஆச்சு மாமா?” என்று கேட்டேன். “மழைக்கு இன்னும் நாள் இருக்குதே” என்றார்.

மழை நாள் பார்த்து வரவில்லை. ஐப்பசியில் சமையல் மூலையில் குண்டான் வைத்தார்கள். கார்த்திகையில் பிள்ளைகள் படுக்கும் இடத்திலும் ஒரு குண்டான் வைத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு. பத்து மாதத்தில் பதினைந்தாயிரம் வட்டியாகவே போய்விட்டது. அசல் அப்படியே நிற்கிறது. இதே தொகையை மகளிர் குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் ஐந்நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். விழாவுக்கு அங்கே கேட்க அக்காளுக்கு வெட்கம். வட்டிக்காரரிடம் கேட்க மாமாவுக்கு வெட்கமில்லை!

மொய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மொய் வரவு அன்று, அதுவும் கடன். நோட்டில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் நாளை திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். வட்டியைப் பிறர் அறியாமல் வாங்கும் கடனுக்குத்தான் மொய் என்று பெயர்.

*முதலில் வீடு*

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். முதலில் வீடு, பிறகு பயணம், கடைசியில் விழா. இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

குடிசையை ஒழிக்க அரசுகள் அடுத்தடுத்துத் திட்டம் தந்துள்ளன. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-ல் 300 சதுர அடிப் பசுமை வீடு. 2024-ல் 360 சதுர அடிக்கு ரூ.3.50 இலட்சம் உதவியோடு கலைஞர் கனவு இல்லம். வீட்டை எழுப்ப அரசு கை கொடுக்கும். எழுந்த வீட்டைக் காப்பாற்ற எந்த அரசு வரும்? நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. 2015 வெள்ளத்தையும், 2016 டிசம்பர் வர்தா புயலையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்டவர்கள் நாம். கீற்று வேய்வதும், ஓடு மாற்றுவதும், மாடி வெடிப்பை அடைப்பதும் கோடைக்குள் முடிய வேண்டிய வேலைகள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலைத் திருப்பியடிக்கும். மின்விசிறிக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் குப்பைத் தொட்டியாகிக் கிடக்கிறது. அதைத் தூர்வாரவும் இதுவே பருவம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தளம் போட்ட மறுநாளே கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பவர்கள் உண்டு. சிமென்டு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்தே இறுகுகிறது. கத்திரி வெயிலில் அந்த ஈரம் நொடியில் போய்விடும். பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் நிறுத்தாவிட்டால் தளம் வெடிக்கும். முகூர்த்தத்துக்கு அஞ்சுவதுபோல் இதற்கும் அஞ்சுவது நல்லது.

*விழா வேண்டாமா?*

“விழா இல்லாமல் என்ன வாழ்வு? உறவு வேண்டாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விழாவை வெறுப்பவன் அல்லன் நான். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் நடக்கும் பாரத விழாவைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. நாள்கணக்கில் நடக்கும் அப்பெரு விழாவால் எந்த வீடும் கடனாளியாவதில்லை. ஏன்? தலைக்கட்டு வரி சிறிது, பந்தல் ஊர்ப் பொது, பார்ப்பவரே நடத்துபவர். எல்லாத் தெருவும் ஒன்றாய் நின்று நடத்தினால் அதைவிடச் சிறந்த கொண்டாட்டம் வேறில்லை. மகிழ்ச்சி பொதுவாக இருக்கும்போது செலவு சிறுக்கிறது. பெருமை தனியாக வேண்டும்போதுதான் செலவு பெருக்கிறது.

காஞ்சியில் பிறந்த பேரறிஞர் அண்ணாவின் அரசு 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. மாலை மாற்றினாலே மணம் செல்லும் என்று சட்டமே சொல்லிவிட்டது. திருமணமே அவ்வளவு எளிதாக முடியும் என்றால், ஒரு காது குத்துக்கு ஊரடைத்த பேனர் எதற்கு? 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு திருமணத்துக்காக வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பொறியாளர் ஒருவர் விழுந்து லாரியில் அடிபட்டு உயிரிழந்தார். ஒரு வீட்டின் ஆடம்பரம் மற்றொரு வீட்டின் ஒப்பாரியானது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, நெருங்கிய உறவோடு இலை போட்டு உண்டால் எந்தக் குறையும் வந்துவிடாது.

*எங்கே போகலாம்?*

பயணத்தை இரண்டாவதாக வைத்தேன். வயிறும் கூரையும் நிறைந்த பின் மனத்துக்கும் ஒன்று வேண்டும் அல்லவா? ஆனால் பயணம் என்றாலே உதகை, கொடைக்கானல் என்று ஆகிவிட்டது. அம்மலைகள் தாங்க முடியாமல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே வந்தது.

நம் காலடியில் இருப்பவற்றைப் பார்த்துவிட்டோமா? காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில். 1984-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மாமல்லபுரம். சித்திரைப் பௌர்ணமியில் வரதராசப் பெருமாள் எழுந்தருளும் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணறு. தரைக்குள் படி இறங்கிப் போய், கிணற்றுக்குள்ளேயே மண்டபத்தைக் காணும் வியப்பு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கிறது? வேடந்தாங்கலுக்குக் கோடையில் போனால் கிளைதான் இருக்கும், பறவை இருக்காது. அதை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளலாம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், எங்கள் தெருப் பெண்கள் பலர் தனியே காஞ்சிபுரம் பார்த்துவிட்டு வந்தார்கள். கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் போதும். பாட்டி வீட்டுப் பனந்தோப்பில் நுங்கு தின்னும் ஒரு வாரமும் பயணமே.

*விடுமுறை யாருக்கு?*

கடைசியாக ஒரு கேள்வி. இந்த இரண்டு மாதமும் யாருக்கு விடுமுறை? பள்ளிக்கு விடுமுறை என்றால் வீட்டில் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமையல். கொத்தனார் வந்தால் அவருக்குத் தேநீர், தளத்துக்குத் தண்ணீர். விழா என்றால் ஒரு மாதம் முன்பே அரிசி புடைப்பது முதல், முடிந்த மறுநாள் பாத்திரம் விளக்குவது வரை. பயணம் என்றாலும் மூட்டை கட்டுபவளும் அவளே, திரும்பி வந்து துணி துவைப்பவளும் அவளே. அடகுக் கடைக்குப் போகும் நகையும் அவளுடையதே. ஆனால் மண்டபம் பேசும்போது அவளிடம் கேட்பார் இல்லை. உழைப்பும் நகையும் ஒருவருடையது, முடிவு மட்டும் மற்றவருடையது என்றால் அது என்ன நியாயம்?

இதில் இன்னொரு கேடும் உண்டு. கோடைக் கடனுக்கு முதல் தவணை கேட்கும் அதே ஆனி மாதத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் வருகிறது. பணம் முடைபட்ட வீட்டில், “இந்த வருஷம் இவள் நிற்கட்டும்” என்ற சொல் எளிதாக வந்துவிடுகிறது. நின்றவள் பிறகு எழுவது அரிது. பன்னிரண்டாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி, என்னைவிட நன்றாகப் படித்தவள், அண்ணன் திருமணக் கடனுக்காக வேலைக்குப் போனாள். அவள் இருக்க வேண்டிய இருக்கை ஏதோ ஒரு கல்லூரியில் காலியாக இருக்கிறது.

வருவாய் வரும் வழி சிறிதாக இருந்தாலும், செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் கண்ட வீட்டுப் பொருளியல். அதை நடைமுறையாக்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. பங்குனியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். முதல் பக்கத்தில் கூரையும் படிப்புச் செலவும், அடுத்த பக்கத்தில் ஒரு பயணம், மிஞ்சியதில் விழா. மிஞ்சவில்லையா, விழா அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். பிள்ளையின் காது எங்கும் ஓடிவிடாது! ஆனி முடிந்ததும் அதே நோட்டை இருவருமாகத் திறந்து பாருங்கள். கணக்குக் காட்டாதவர்க்குக் குடத்தில் ஓலை இல்லை என்றது நம் பக்கத்து ஊர்க் கல்வெட்டு. அந்த விதி நம் வீட்டுக்கும் வரட்டும்.