பெட்டை வாத்தின் குரல்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் நெல்வயல்கள், அந்நாட்டில் நெல் மிக அதிகமாக விளைவது இந்த மாநிலத்தில்தான். அறுவடை முடிந்து, தாள் நிற்கும் வயல்களில் நீர் தேங்கும் நவம்பர் மாதத்தில், கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் மல்லார்ட் வாத்துகள் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி வருகின்றன. அவற்றைத் தேடி வேட்டைக்காரர்களும் வருகிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கோத்த சிறு ஊதல் ஒன்று தொங்கும். அவர்கள் அதை 'டக் கால்' என்கிறார்கள். இங்கே வாத்து ஊதல் என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த ஊதலைப் பற்றிப் புதியவர்களிடம் உள்ள குழப்பம் ஏராளம். விலை உயர்ந்ததை வாங்கினால் வாத்து இறங்கும், உரக்க ஊதினால் இறங்கும், விடாமல் ஊதினால் நிச்சயம் இறங்கும் என்று நம்பி முதல் பருவத்தைத் தொலைக்கிறவர்கள் அதிகம். கடைக்காரர்களும் இந்த நம்பிக்கையைக் கலைக்க முற்படுவதில்லை. ஆகவே இந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் இது யாருடைய குரல் என்பது தெளிவாக வேண்டும். பச்சைத் தலையும் வெண்கழுத்து வளையமுமாகப் படங்களில் நாம் காணும் அழகன் ஆண் மல்லார்ட். ஆனால் அவன் குரல் எடுப்பானதல்ல; தாழ்ந்த, கரகரத்த ஒற்றை ஒலி, அவ்வளவுதான். தூரத்துக்குக் கேட்கும் 'குவாக்' பழுப்புநிறப் பெட்டையுடையது. வீட்டு வாத்தின் மூதாதை மல்லார்ட்தான் என்பதால், தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் அறுவடை வயல்களில் மேய்ச்சலுக்கு ஓட்டி வரும் வாத்துக் கூட்டத்தைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதே. அங்கேயும் இரைச்சல் போடுவது பெட்டைகள்தான். பெட்டை மல்லார்ட் தொடர்ந்து கத்தும்போது முதல் ஒன்றிரண்டு ஒலிகள் நீண்டும் உரத்தும் வரும். அடுத்தடுத்தவை குறுகித் தணிந்து முடியும். இந்த இறங்குவரிசையைக் காதில் பிடித்துக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே உரப்பில் ஊதுகிறவர் எந்தப் பறவையின் குரலையும் எழுப்பவில்லை.

எல்லா வாத்துகளும் 'குவாக்' என்று கத்துவதும் இல்லை. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் வருகிற ஊசிவால் வாத்தில் ஆண் மெல்லச் சீழ்க்கையடிக்கும். கிளுவையின் ஆணுக்குக் கீச்சென்ற சிறு ஒலி. இவற்றுக்கென்று தனிச் சீழ்க்கை ஊதல்கள் உண்டு. அவற்றில் அதிரும் நாக்கு இல்லை, எச்சில் சேர்ந்து அடைப்பதும் இல்லை, விலையும் குறைவு. தொடக்கக்காரர் பிழை செய்ய அதில் இடம் மிகக் குறைவு என்பதால், மல்லார்ட் ஊதலோடு இதையும் ஒன்று வாங்கிக்கொள்ளும்படி நான் சொல்வேன்.

மல்லார்ட் ஊதலின் உள்ளமைப்பு எளியது. வாய் வைக்கும் பக்கம் ஒரு குழல். அதனுள் செருகும் ஒரு முளை. முளையின் மேற்பரப்பு வளைந்து இழைத்த மேடை. அந்த மேடைமீது 'ரீட்' எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு படுத்திருக்கும். சிறு தக்கை ஒன்று அதன் ஒரு முனையை அழுத்திப் பிடிக்கும். மூச்சு உள்ளே போகும்போது நாக்கின் மறுமுனை மேடையில் தட்டித் தட்டி அதிர்கிறது. அதிரும் பகுதி நீளமானால் குரல் கனக்கும், குறுகினால் கூர்மையாகும். நாக்கு தடித்தால் மூச்சு அதிகம் கேட்கும். முளையை மயிரிழை அளவு மாற்றி இழைத்தாலும் குரல் மாறிவிடும் என்பதால்தான், கையால் ஊதல் செய்கிறவர்களுக்கு அங்கே இவ்வளவு மரியாதை.

ஒற்றை நாக்கா, இரட்டை நாக்கா என்பதுதான் வாங்கப் போகிறவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி. இரட்டை நாக்கு என்றதும் நமக்கு நாதஸ்வரச் சீவாளி நினைவுக்கு வரும். சீவாளியில் இரண்டு தகடுகள் எதிரெதிரே நின்று ஒன்றோடொன்று மோதும். வாத்து ஊதலிலோ இரண்டு நாக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே திசையில் படுத்திருக்கும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேல் நாக்கில் ஒரு சிறு குழிப்பொட்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து அதிர்வதால் கரகரப்புத் தானாக வந்துவிடும், குரல் எளிதில் பிசிறாது. கொஞ்சம் முறையில்லாமல் ஊதினாலும் வாத்து போலவே கேட்கும். ஒற்றை நாக்கில் அடித்தொண்டைக் கமறலிலிருந்து உச்சக் கூவல் வரை எட்டலாம். ஆனால் கரகரப்பை ஊதுகிறவர் தன் தொண்டையிலிருந்து கொடுக்க வேண்டும், மூச்சுத் தவறினால் கீச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். போட்டிக்காரர்கள் ஒற்றையை விரும்புவதன் காரணம் இதுதான். புதியவர் இரட்டையில் தொடங்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை; பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள்கூடக் காட்டில் இரட்டை நாக்கையே வைத்திருப்பதுண்டு.

அடுத்தது எந்தப் பொருளால் ஆனது என்பது. அக்ரிலிக் ஊதலின் குரல் கூர்மையாகவும் உரப்பாகவும் இருக்கும். காற்று பலமாக வீசும் திறந்த ஏரிக்கு ஏற்றது. மரத்தால் ஆனது மென்மையானது. நீர் நின்ற காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே, கிட்டத்தில் இருக்கும் பறவைக்கு அது போதும். ஈரத்தில் மரம் உப்பும் என்பதால் பராமரிப்பு வேண்டும். அச்சில் வார்த்த பாலிகார்பனேட் ஊதலின் விலை அக்ரிலிக்கில் ஒரு சிறு பங்குதான். முதல் ஊதலாக அதுவே போதும். நூறு டாலருக்கு மேல் கொடுத்து அக்ரிலிக் வாங்கியவரின் மூச்சு சரியில்லை என்றால், அந்தப் பணம் அவர் தவற்றைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே உதவும்.

மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கன்னத்தை உப்பிப் பலூன் ஊதுவது போல ஊதக் கூடாது. குளிரில் கண்ணாடியைத் துடைப்பதற்காக அதன்மேல் 'ஹா' என்று விடுவோமே, அந்த அடிவயிற்று வெப்ப மூச்சு வேண்டும். கன்னம் அசையாமல் வயிறு அசைய வேண்டும். ஒவ்வொரு ஒலியையும் தொண்டையில் சட்டென்று வெட்டி முடிக்க வேண்டும். அங்கே பழகுநர்களை 'குவிட்' என்ற சொல்லை ஊதலுக்குள் சொல்லச் சொல்வார்கள், கடைசி எழுத்து மூச்சை வெட்டிக் கொடுக்கும். ஊதலின் மறுமுனையைக் கையால் பொத்தித் திறப்பது அடுத்த பாடம். கை மூடினால் குரல் அமுங்கும், திறந்தால் பரவும். முதலில் ஒரே ஒரு 'குவாக்'. அது திருந்தும்வரை வேறெதையும் தொட வேண்டாம்.

பிறகு அதே ஒலியை ஐந்தாறு முறை இறங்குவரிசையில் கோப்பது வரவேற்புக் குரல். வெகுதூரத்தில் போகும் கூட்டத்தை நிமிரச் செய்ய, நீட்டி உரப்பாக ஊதுவது கூவல். மேயும் வாத்துகள் தமக்குள் முணுமுணுக்கும் 'டிக்கடிக்கடிக்க' தீவனக் குரல். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் கூட்டத்தை அவசரமாக அழைப்பது மீட்புக் குரல். இந்த நான்கில் வேட்டைக்கு அன்றாடம் உதவுவது முதலாவதும் இடையிடையே வரும் ஒற்றைக் 'குவாக்'கும்தான் என்பது என் கருத்து.

கூவல் இவ்வளவு புகழ் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. டெட்ராய்ட் நகரத்து ஈலம் ஃபிஷர் 1870இலேயே வாத்து ஊதலுக்குக் காப்புரிமை பெற்றார். இல்லினாய் மாநிலத்துப் பீகின் ஊரில் ஃபிலிப் ஓல்ட் 1904இல் தொடங்கிய தொழிற்கூடத்தின் கெட்டி ரப்பர் ஊதல் நாடெங்கும் பரவியது. ஆயினும் அந்தக் காலத்தில் பலர் நம்பியது வேறொன்றை. பழக்கிய உயிர் வாத்துகளை நீரில் கட்டிவைப்பார்கள். அவை கத்தும், வானத்து வாத்துகள் இறங்கும். 1935இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு உயிர் வாத்தைப் பயன்படுத்துவதையும், தீவனம் தூவி ஈர்ப்பதையும் தடை செய்தது. பறவைகள் வறட்சியாலும் வேட்டையாலும் வெகுவாகக் குறைந்திருந்த காலம் அது. உயிர் வாத்து செய்துவந்த வேலையை இனி மனித மூச்சு செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே, 1936இல், ஸ்டட்கார்ட்டில் வாத்து அழைக்கும் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு வென்ற மிசிசிப்பி மாநிலத்துத் தாமஸ் வால்ஷ் ஊதலே இல்லாமல் வெறும் தொண்டையால் அழைத்தார். பரிசு 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு.

இன்றும் நன்றித் திருநாளை ஒட்டி அந்தப் போட்டி நடக்கிறது. மேடை ஏறியவர் 90 விநாடிகளுக்குள் எல்லாக் குரல்களையும் காட்ட வேண்டும். கூவல் உச்சியில் தொடங்கி இழையறாமல் இறங்கும், கேட்கச் சிலிர்க்கும். அது ஒரு கலை, அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்பவர்கள் நடுவர்கள். குளத்தில் கேட்கப் போவது, கனடாவிலிருந்து ஒவ்வொரு மாநிலமாகத் துப்பாக்கிகளைக் கடந்து, ஒவ்வோர் ஊரிலும் ஊதல் சத்தம் கேட்டு வந்த பறவை. டிசம்பர் கடைசியில் அதற்கு மேடைக் கூவலே எச்சரிக்கையாகிவிடுகிறது. புதியவர் போட்டிப் பதிவுகளைக் கேட்டுப் பழகுவதில்தான் தவறு தொடங்குகிறது. ஊர்ப் பூங்காக் குளங்களில் மல்லார்ட்கள் ஆண்டு முழுதும் இருக்கின்றன. அவற்றின் அருகே உட்கார்ந்து கேட்பதற்கு இணையான ஆசிரியர் இல்லை. அவை எவ்வளவு நேரம் சும்மா இருக்கின்றன என்பதையும் அப்போது கவனிக்கலாம்.

எப்போது ஊதுவது? பறவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கூட்டம் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். வருகிறவரை ஏன் இன்னும் கூப்பிட வேண்டும்? அவை வட்டமிட்டுத் திரும்பி, சிறகு நுனியும் வாலும் நமக்குத் தெரியும்போது ஊதலாம். ஓர் அழைப்புக்கு ஏதாவது ஒரு வாத்து தலை திருப்பினால், சிறகடிப்பு சற்றுத் தளர்ந்தால், அந்தக் குரல் பிடித்திருக்கிறது. அதையே, அந்த உரப்பிலேயே தொடரலாம். விலகிப் போனால் மென்மையாக்கிப் பாருங்கள், அல்லது நிறுத்துங்கள். தலைக்கு நேர் மேலே வரும்போது ஊதினால் அவை கீழே பார்க்கும்; முகம் தெரிந்துவிடும். காற்றில்லாத காலையில் குரல் வெகுதூரம் போகும், ஆகவே தணிந்து ஊத வேண்டும். நீர் நின்ற ஓக் காட்டில் பலர் ஊதுவதைவிடக் காலால் நீரை அலைத்து, ஈர்ப்புக்காக மிதக்க விட்ட பொம்மை வாத்துகளை அசைய விடுவதையே நம்புகிறார்கள். அசையாத நீரில் கத்தும் வாத்தை வானத்து வாத்து நம்பாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாத்துக்கு வர விருப்பமில்லாத இடத்துக்கு எந்த ஊதலாலும் அதைக் கொண்டுவர முடியாது. முந்தைய நாள் அவை மேய்ந்த வயல் எது, காற்று எந்தப் பக்கம், நம் மறைவிடம் மேலிருந்து பார்த்தால் மறைவாக இருக்கிறதா என்பவை முதலில் வருகின்றன. ஊதல் கடைசியாகச் சேரும் சிறு உதவி.

பராமரிப்பு சொற்பம்தான். எச்சில் சேர்ந்தால் நாக்கு மேடையோடு ஒட்டி ஊமையாகிவிடும். மெல்லிய நூலை நாக்குக்கும் மேடைக்கும் இடையே இழுத்துச் சுத்தம் செய்யலாம். நாக்கைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தின்றுகொண்டே ஊத வேண்டாம்.

நன்றாக அழைக்கக் கற்பது ஏன் இவ்வளவு முக்கியம்? வாத்து கிட்டத்தில், ஏறக்குறைய 35 கெஜத்துக்குள் வந்தால் ஒரே குண்டில் சாகும்; எட்டாத தூரத்தில் சுட்டால் காயத்தோடு பறந்துபோய் எங்கோ நாணலில் கிடந்து சாகும். ஈயக் குண்டு 1991இலிருந்து நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுதும் தடை. இப்போதுள்ள எஃகுக் குண்டு தூரத்தில் விரைவாக வலுவிழக்கும். மேலும் அண்மை ஆண்டுகளில் ஆர்கன்சாவில் ஒருவர் ஒரு நாளில் ஆறு வாத்துகளுக்கு மேல் சுடக் கூடாது, அவற்றில் பெட்டை மல்லார்ட் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பச்சைத் தலையைப் பிரித்தறியவும் பறவை கிட்டே வர வேண்டும். அழைக்கத் தெரியாதவர் தூரத்தில் சுடுகிறார். அந்தத் துன்பத்தை வாத்து அனுபவிக்கிறது. பதிவு செய்த குரலையோ மின்சாரத்தால் பெருக்கிய குரலையோ வைத்து வாத்தை அழைப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுப்பதும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அழைப்பு ஒரு மனிதனின் மூச்சளவோடு நிற்கட்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்த வேட்டைக்கே இடமில்லை. ஏரிக்கரைகளில் பறவை பார்க்கப் போகிறவர்கள் படம் எடுப்பதற்காக ஊதலையோ கைப்பேசிக் குரலையோ பயன்படுத்த வேண்டாம். நெடுந்தூரம் பறந்து வந்த பறவையின் ஓய்வைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் வாழ்ந்து, நண்பர்களோடு வேட்டைக்குப் போக நினைக்கும் தமிழர்கள் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, மாநில உரிமமும் 'டக் ஸ்டாம்ப்' எனப்படும் கூட்டாட்சி வாத்து முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரைப் பணத்தில் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்கே போகிறது. ஊதலை நவம்பரில் வாங்காதீர்கள். கோடையிலேயே ஒரு மலிவான இரட்டை நாக்கு வாங்கி, தனியாகக் காரில் போகும்போது பழகுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து, பூங்காக் குளத்துப் பெட்டையின் குரலோடு வைத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு மறைகிறவரை காட்டில் ஊதலைக் கழுத்திலேயே தொங்க விடுங்கள்.