தக்காளி கறுத்தால் பிடுங்குமுன் பாருங்கள்

அன்புத் தம்பி தங்கையரே,

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை ஓடிவந்து போனை நீட்டினாள். "அக்கா, அம்மம்மா பல்கனியில வளர்க்கிற தக்காளி எல்லாம் கறுத்துப் போச்சு. இது தொத்துற நோய், பிடுங்கி எறியுங்கோ எண்டு அப்பா சொல்றார். அம்மம்மா அழுறா."

வார்டில் ஒருவருக்குத் தோல் நிறம் மாறினால் நாங்கள் உடனே மருந்தைத் தேடுவதில்லை. எந்த இடத்தில், வேறு எங்கும் இருக்கிறதா, எப்போதிலிருந்து என்று கேட்போம். தக்காளிக்கும் அதே மூன்று கேள்விகள்தான்.

எந்த இடத்தில்? காம்புக்கு நேர் எதிரே, காயின் அடியில், குழிந்து தோல்போலக் கறுத்திருந்தது. இலைகள்? நல்ல பச்சை. எப்போதிலிருந்து? அம்மம்மா மாமி வீட்டுக்குப் போன வெயில் கிழமைக்குப் பிறகு. திரும்பி வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாராம்.

இது தொற்றுநோயே அல்ல. இங்கே 'புளொசம் எண்ட் ரொட்' என்பார்கள். காயின் அடிக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது.

"அப்ப கல்சியம் குளிசை கரைச்சு ஊத்தட்டா?" என்றாள்.

வேண்டாம். லண்டன் குழாய்த் தண்ணீரில் கல்சியம் தாராளம்; கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படிவைப் பாருங்கள். குறை அதுவல்ல. கல்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் வேரிலிருந்து மேலே ஏறும். மண் காய்ந்தால் கிடைக்கும் கொஞ்சத்தையும் இலைகள் இழுத்துக்கொள்ளும்; காயின் கடைசி முனைக்கு ஒன்றும் மிஞ்சாது. சின்னச் சாடிகளும் குரோ பேக்குகளும் சீக்கிரம் காய்வதால் அவற்றில்தான் இது அதிகம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; ஈரம் ஒரே சீராக இருக்கவேண்டும். கடும் வெயிலில் காலையும் மாலையும் ஊற்றவேண்டி வரலாம். கறுத்த காய் திருந்தாது, பறித்துவிடுங்கள். பழுத்திருந்தால் கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்புக்குப் போடலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் முழுவதையும் எறியுங்கள்.

காம்பைச் சுற்றி மட்டும் மஞ்சளாகவோ பச்சையாகவோ நின்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். 30 பாகைக்கு மேல் போனால் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாது. அந்தப் பழத்தைச் சாப்பிடலாம்.

பிடுங்கவேண்டிய நோயும் உண்டு. மழையும் வெதுவெதுப்பும் சேர்ந்த நாட்களில் இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் பழுப்புத் திட்டுகள் வேகமாகப் பரவினால் அது 'பிளைட்'. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே கிருமிதான். அந்தச் செடியை உடனே அகற்றுங்கள். வீட்டு உரக்குவியலில் போடாதீர்கள்.

உங்கள் அக்காவும் யோக்கியமில்லை. மூன்று நாள் தொடர்ந்து 12 மணி நேர வேலை, சாடிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை; லீவு நாளில் குற்ற உணர்வோடு வெள்ளமாய் ஊற்றுவேன். போன வருடம் முதல் குலை முழுவதும் அடி கறுத்துப் போனது. இப்போது போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

அம்மம்மாவின் செடிகள் தப்பிவிட்டன. அவர் வெளியே போகும் நாட்களில் தண்ணீர் ஊற்றுவது இனித் தங்கையின் பொறுப்பு. போன ஞாயிறு எனக்கும் ஒரு பை வந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

அன்புடன்,
உங்கள் தாதி அக்கா