மிதிவண்டியை விட்டு இறங்க மாட்டோம்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், நம்மவரில் வசதி படைத்த சிலர் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா புறப்பட்டுவிடுகின்றனர். நான்கைந்து நாளில் படங்கள் புலனக் குழுக்களில் வந்து குவிகின்றன. நெதர்லாந்து நாட்டின் தட்டையான வயல்வெளி, நேர்கோடாக ஓடும் கால்வாய், அதன் கரையில் வாடகை மிதிவண்டிகளோடு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அடுத்த படத்தில் கடலோர மணல்மேடுகள். புல் மூடிய அந்த மேடுகளுக்கிடையே வளைந்து செல்லும் தடத்தில் மிதிவண்டிகளைத் தவிர வேறு வண்டி எதுவும் இல்லை. படத்தின்கீழ் ஒரு வரி: “என்ன அருமையான நாடு! மகிழுந்தே இல்லாத சாலை!”

ஊர் திரும்பியதும் அதே பெற்றோர், கூப்பிடு தொலைவில் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளையை மகிழுந்தில் ஏற்றிக்கொண்டு வருகின்றனர். அவர்களை நான் குறை கூறமாட்டேன். நம் ஊர்ச் சாலையைப் பார்த்த எந்தத் தாயும் பத்து வயதுப் பிள்ளையை மிதிவண்டியில் அனுப்பமாட்டாள். என் சினமெல்லாம் வேறோர் இடத்தில்தான். “அதெல்லாம் ஹாலந்துக்குச் சரி, காப்பாருக்குச் சரிப்படாது” என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்களே, அவர்கள்மீதுதான்.

ஏன் சரிப்படாது? கேட்டுப் பார்ப்போம்.

மண் ஒன்றுதான்!

நான் காப்பார் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணியில் இருப்பவள். இந்த மண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் வரை ஒரே சமவெளி. மிதிவண்டிக்காரனை மூச்சிரைக்க வைக்கும் மேடு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கடலோரத்தில் மணல்மேடு இல்லை, சேறும் சதுப்புக் காடும் உண்டு. அதற்கு உட்புறத்தில் தாழ்ந்த நிலம். கடல் நீர் ஏறிவிடாமல் மண்கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து வடித்தெடுத்த நிலம் இது.

நெதர்லாந்தும் இப்படித்தான் உருவானது. அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. கரை கட்டி நீரை இறைத்து எடுத்த நிலத்தை அவர்கள் ‘போல்டர்’ என்கின்றனர். அந்தக் கரைமேல்தான் இன்று மிதிவண்டி ஓடுகிறது. நம் வாய்க்கால் ஓரங்களிலும் பராமரிப்புக்கென்று பாதைகள் உண்டு. செம்பனைத் தோட்டங்களுக்குள்ளே செம்மண் சாலைகள் உண்டு. ஆகவே, பாதை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இருக்கும் பாதையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் மனம்தான் இல்லை!

டச்சுக்காரர் பிறவியிலேயே அப்படியா?

“அவர்கள் பண்பாடு அப்படி” என்பது அடுத்த சாக்கு. வரலாறு அறியாதார் கூற்று இது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நெதர்லாந்தும் மகிழுந்தின் பின்னால் ஓடியது. சாலைகளை அகலப்படுத்தினார்கள். சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாயின. மிதிவண்டி ஒதுக்கப்பட்டது. விளைவு என்ன? 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு செய்தியாளர், ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருவில் இறங்கினர். அவ்வேளையில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1973 நவம்பர் 4 தொடங்கிச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டக்கூடாது என்று அரசே ஆணையிட்டது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டினர். மகிழுந்து இல்லாத சாலை எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர்.

அதன்பின் பல்லாண்டு உழைப்பு. சுற்றுலாப் படங்களில் நாம் காணும் தடங்கள் இயற்கை தந்த கொடையல்ல, பிள்ளைகளை இழந்த பெற்றோர் போராடிப் பெற்றவை. 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்துச் சாலைகளில் இறந்தோர் 700க்கும் குறைவு. அதே ஆண்டில் மலேசியச் சாலைகளில் இறந்தோர் 6,000க்கும் மேல். நம் மக்கள்தொகை அவர்களுடையதைப் போல் இரண்டு மடங்கைவிடக் குறைவு. இறப்போ எட்டு மடங்குக்கும் மேல். இதையும் ‘பண்பாடு’ என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

நமக்கும் ஒரு மிதிவண்டி வரலாறு உண்டு

நம்மவரே மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் நாளேட்டில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அதற்கு முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்!

எண்ணிப் பாருங்கள். கூலிக்கும் கல்விக்கும் அருகே மிதிவண்டி! ஏன்? அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கு மிதிவண்டி என்பது வெறும் இரும்பன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய முதல் சொத்து. தோட்டத்து எல்லையைத் தாண்டித் தன் விருப்பப்படி போய்வர அவனுக்கு வாய்த்த முதல் உரிமை. அதிலிருந்து இறங்கச் சொல்வது மானத்திலிருந்து இறங்கச் சொல்வதாகும். அதனால்தான் அவர்கள் மறுத்தனர். மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

இன்று துரை இல்லை, கிராணியின் மிரட்டலும் இல்லை. ஆனால், அந்தத் தொழிலாளரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் மிதிவண்டியை விட்டு இறங்கித்தான் நிற்கிறார்கள். அன்று துரைக்காக இறங்கச் சொன்னார்கள், இன்று லோரிக்காக இறங்கச் சொல்கிறார்கள். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் கொள்கலன் லோரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கும் வடிகாலுக்கும் இடையே மிதிவண்டிக்கு எஞ்சுவது எத்தனை அங்குலம்?

சாக்குகளும் மறுமொழியும்

“இங்கே வெயில் அதிகம்.” ஆம், அதிகம்தான். பள்ளிக்குப் போகும் காலை ஏழு மணிக்குமா? மதியத்திற்குச் செம்பனை நிழல் இருக்கிறதே! சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் மரத்தை வெட்டிவிட்டு, பிறகு வெயில் என்று முறையிடுவது என்ன நியாயம்? அவர்கள் நாட்டில் எதிர்காற்றும் குளிர்மழையும் உண்டு. அவர்கள் மழையங்கி போட்டுக்கொண்டு போகிறார்கள்.

“லோரி அதிகம், ஆபத்து.” இதைத்தான் நானும் சொல்கிறேன். ஆபத்து லோரியிடமிருந்து வருகிறது. தடுக்க வேண்டியது எதை? பிள்ளையையா, லோரியையா? கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் உந்துருளிகளுக்கென்று தனித்தடம் 1970களிலேயே போடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தடம் பிரிக்கத் தெரிந்த நாட்டுக்கு, இன்று தெரியாமல் போய்விட்டதா?

“மிதிவண்டி ஏழையின் வண்டி.” இதைச் சொல்வோர் நம்மவர்தாம். இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வார இறுதியில் சிகிஞ்சான் வயல்வெளிக்குச் சென்று பாருங்கள். விலையுயர்ந்த மிதிவண்டிகளில் பட்டணத்துக்காரர் வரிசையாக ஓட்டிச் செல்வர். பணக்காரன் ஓட்டினால் உடற்பயிற்சி, தோட்டத்துப் பிள்ளை ஓட்டினால் ஏழ்மையா? தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்வழி பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்ணும் செவிலியும் ஆசிரியையும் எவரையும் எதிர்பாராமல் தாமே போய்வரத் தொடங்கினர். செய்தியாளர் பி.சாய்நாத் அதை உலகறிய எழுதினார். ஏளனம் செய்தவர்களை அந்தப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கோலாலம்பூரில் தடம் போட்டார்களே, யார் ஓட்டுகிறார்கள்?” சாலையோரத்தில் நீல வண்ணம் பூசிவிட்டால் அது தடம் ஆகிவிடாது. அதன்மேல் மகிழுந்து நிறுத்தப்படும்போது மிதிவண்டிக்காரன் எங்கே போவான்? ஒரு ஞாயிறு காலையில் சில மணி நேரம் நகரச் சாலையை மூடித் திறப்பதும் நல்லதுதான். ஆனால், என் மாணவருக்குத் திங்கட்கிழமைக்கும் பாதை வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

பெருந்திட்டம் எதையும் கேட்கவில்லை. கோடிக்கணக்கில் வெள்ளியும் வேண்டாம்.

1. வாய்க்கால் கரைகளிலும் கடலோர மண்கரையிலும் உள்ள பராமரிப்புப் பாதைகளுள் தகுந்தவற்றை மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் திறந்துவிடுங்கள். இரு முனையிலும் கம்பம் நட்டு மகிழுந்தைத் தடுங்கள்.

2. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறும்போது, பழைய தோட்டச் சாலைகளைத் துண்டித்துவிடாதீர்கள். வலம்புரோசா, ஜாலான் அக்கோப் போன்ற தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. பள்ளியையும் குடியிருப்பையும் இணைக்கும் பழைய வழி, பிள்ளைகளின் வழியாகவே நீடிக்கட்டும்.

3. அந்த வழி பெருஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் சமிக்ஞை விளக்கும் வேகத்தடையும் அமையட்டும். பள்ளி முன்னே லோரிகள் செல்லும் நேரம் கட்டுப்படுத்தப்படட்டும்.

கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்தது. மகிழ்ச்சி! மாநகரின் உயரத்தைக் கட்டடத்தைக் கொண்டு அளக்க வேண்டாம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக மிதிவண்டியில் பள்ளி சென்று, தனியாகவே வீடு திரும்ப முடிகிறதா என்பதைக் கொண்டு அளக்கட்டும்.

வேன் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர். வீட்டில் ஒரு மிதிவண்டியும் இருக்கிறது. பாதை மட்டும்தான் இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே சுழியம் இடும்போது எனக்கு எந்த அமைச்சின் புள்ளிவிவரமும் தேவைப்படவில்லை.

பெற்றோரே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே! ஆண்டுக்கூட்டத்தில் பந்தலையும் நாற்காலியையும் பற்றிப் பேசும் நேரத்தில் பத்து நிமிடம் பாதையைப் பற்றிப் பேசுங்கள். தீர்மானம் எழுதுங்கள். மாநகர் மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மறுமொழி வரும்வரை விடாதீர்கள். நெதர்லாந்துப் பெற்றோர் அப்படித்தான் தொடங்கினர். கிள்ளான் தோட்டத் தொழிலாளர் அவர்களுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கினர்.

துரைக்கே இறங்க மறுத்த இனம், லோரிக்கு மட்டும் ஏன் இறங்க வேண்டும்?